சோம்பல் என்று பெயரிடும் முன்

சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவித்தவற்றுள் பல மறந்துவிட்டன. தலையான பாவங்கள் ஏழு மட்டும் வரிசை மாறாமல் இன்றும் நினைவில் நிற்கின்றன. அவ்வரிசையின் கடைசியில் வருவது சோம்பல். கடைசியில் வருவதாலோ என்னவோ, அதைக் குறித்து நமக்கு அச்சம் குறைவு. ஆனால் அதைப் பிறர்மீது சுமத்துவதில் நமக்குள்ள தயக்கம் அதைவிடக் குறைவு. ஒருவரை அகங்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிய மாட்டோம். காய்மகாரம் உள்ளத்துக்குள் ஒளிந்திருப்பது; எளிதில் வெளியே தெரியாது. சோம்பலோ கண்ணுக்கு நேராகத் தெரிகிறது என்று நம்புகிறோம். விடிந்தும் பாயைவிட்டு எழாதவள், பாதி முற்றத்தைக் கூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவள், செபமாலையின் மூன்றாம் பத்து மணியில் கண் அயர்கிறவள் என்று ஒவ்வோர் ஊரிலும் நாம் பெயர் சூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு.

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் ‘நாளமில்லாச் சுரப்பிகள்’ என்ற பாடம் வரும். கரும்பலகையில் மனித உருவம் ஒன்றை வரைந்து, மூளையின் அடியில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, சிறுநீரகங்களின் தலைமீது அட்ரீனல், வயிற்றுக்குள் கணையம், அதற்கும் கீழே இனச்சுரப்பிகள் என்று குறித்துக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு அது ஐந்து மதிப்பெண் வினா. படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் போதும். அந்தப் பாடத்துக்குள் மனிதரைத் தீர்ப்பிடுவது பற்றிய இன்னொரு பாடமும் இருக்கிறது. பாடவேளை 45 நிமிடங்களுக்குள் அதைச் சொல்ல இடமிருந்ததில்லை. இங்கே சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் செய்தி அனுப்ப இரு வழிகள் உண்டு. ஒன்று நரம்பு, மற்றொன்று இரத்தம். நரம்பு நொடிப்பொழுதில் சொல்லி முடித்து ஓய்ந்துவிடும். இரத்தத்தின் வழியே வரும் செய்தியோ மெல்ல வந்து, நாள்கணக்கிலும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும் வேலை செய்யும். 1902-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர், சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்ட பின்னரும் குடலின் செய்தி கணையத்தை எட்டுவதையும், கணையம் தன் நீரைச் சுரப்பதையும் கண்டனர். செய்தியைச் சுமந்து சென்றது இரத்தமே. 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய செய்திப் பொருள்களை ‘ஹார்மோன்’ என்று அழைத்தார். ‘தூண்டி எழுப்புகிறேன்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தமிழில் அதை இயக்குநீர் என்றும் எழுதுகிறோம். எழுப்புவது, இயக்குவது என்னும் இவ்விரு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

எல்லாச் சுரப்பிகளையும் பற்றி இங்கே பேச முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. வளர்ந்தவரிடம் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். உணவின் வழியே வரும் அயோடினை இரத்தத்திலிருந்து பற்றி இழுத்து, அது தைராக்சின் என்னும் ஹார்மோனைச் செய்கிறது. ஒரு தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. திசுக்களை அடைந்ததும் அவற்றுள் ஒன்று கழற்றப்படுகிறது. எஞ்சியது உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு விழித்தெழ வேண்டும், எது உறங்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது. அதன் கை படாத உறுப்பு உடலில் ஏறக்குறைய இல்லை எனலாம்.

அது செய்யும் வேலைகள் மூன்று வகை. உண்ட உணவை எரித்து வெப்பமும் ஆற்றலும் ஆக்குவதையும், அதே உணவைக்கொண்டு உடலைக் கட்டுவதையும் வளர்சிதை மாற்றம் என்கிறோம். அந்த அடுப்பின் தீயைக் கூட்டுவதும் தணிப்பதும் தைராக்சின். இது முதல் வேலை. பெண்ணின் மாதாந்தர ஒழுங்கும், கரு உருவாவதும், உருவான கரு நிலைத்திருப்பதும் அதன் அளவைச் சார்ந்திருக்கின்றன. இது இரண்டாவது. மூன்றாவது வேலையைத் தவளையைக்கொண்டு விளக்குவது எளிது. 1912-இல் குடெர்நாட்ச் என்னும் ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தீனியாகக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு வெகு முன்பே வாலை இழந்து, கால்கள் முளைத்து, ஈயளவே ஆன குட்டித் தவளைகளாயின. சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் பென்னட் ஆலன் என்பவர் தலைப்பிரட்டைகளின் தைராய்டை நீக்கிப் பார்த்தார். அவை தின்றன, நீந்தின, பெரிதாக வளர்ந்தன. ஆனால் தவளையாகவே மாறவில்லை. வளர்வது வேறு, முதிர்வது வேறு என்பதை அந்தச் சிற்றுயிர்கள் காட்டின.

மனிதக் குழந்தைக்கு வால் உதிர வேண்டியதில்லை. ஆயினும் அதன் மூளை தைராக்சினுக்காகவே காத்திருக்கிறது. கருவின் தைராய்டு போதிய அளவு சுரக்கத் தொடங்கக் கர்ப்ப காலத்தில் ஏறத்தாழ பாதி கடந்துவிடும். அதுவரை நஞ்சுக்கொடியின் வழியே தாயின் தைராக்சினே சேய்க்குச் செல்கிறது. தாய் தன் உதிரத்தைக் கொடுத்துப் பிள்ளையை உருவாக்கினாள் என்று நம் பாட்டிமார் சொல்வது உவமை மட்டுமன்று.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. இனி பாடநூலில் இல்லாத ஒன்று.

என் அக்காள் எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் முதல் குரல். விடியற்காலைத் திருப்பலிக்குக் கோவில் மணி அடிக்கும் முன்பே குளித்து, மூன்று வீட்டுப் பெண்களை எழுப்பிக் கூட்டிச் செல்வாள். 1991-இல் அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக வேறோர் ஆளானாள். முதலில் குரல் கம்மியது. மார்கழிப் பனி என்றார்கள். சித்திரை வந்தும் குரல் திரும்பவில்லை. பாடகர் குழுவிலிருந்து தானாகவே விலகிக்கொண்டாள். பிறகு முடி கொட்டியது, தோல் வறண்டது, முகம் உப்பியது. உச்சி வெயிலிலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். உணவு குறைந்தது, உடல் பெருத்தது. நான்காவதாகத் தங்கிய கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உறங்கிப்போவாள்.

புகுந்த வீட்டில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதத் தேவையில்லை; நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுபவைதாம். உடல் வளர்க்கிறாள் என்றார்கள். கரு கலைந்ததற்கும் அவள் கிடந்த கிடைதான் காரணம் என்றார்கள். ஊரில் கேலியாக ஒரு பட்டப்பெயரும் விழுந்தது. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொல்வதற்கு வேண்டிய விசையும் அவளிடம் இருக்கவில்லை என்பது பிற்பாடு விளங்கியது.

1998-இல் எங்கள் பங்கில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. பெயர்களைப் பதிவு செய்யும் மேசையில் நான் இருந்தேன். கால் வீக்கத்துக்கு மருந்து கேட்டு அக்காளும் வரிசையில் நின்றாள். அவள் தன் பெயரைச் சொன்ன குரலைக் கேட்டதுமே, எழுதிக்கொண்டிருந்த இளம் பெண் மருத்துவர் தலை நிமிர்ந்து பார்த்தார். காலைப் பார்ப்பதற்கு முன் புருவங்களின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே முடி உதிர்ந்திருந்தது. ஒரு நாற்காலியின்மேல் அவளை முழந்தாளிடச் செய்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துடித்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பத் தயங்கித் தயங்கி நேரம் எடுத்துக்கொண்டது. “அம்மா, உங்களுக்கு எத்தனை வருடமாகக் குளிர்கிறது?” என்று கேட்டார். அக்காள் அழுதுவிட்டாள். குளிர்கிறதா என்று ஏழு ஆண்டுகளில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

இரத்தப் பரிசோதனை வந்தது. தைராய்டு சுணங்கினால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அதைத் தூண்டும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பும். அதன் அளவு வழக்கமாக 5-க்குள் இருக்க வேண்டும்; அக்காளுக்கு 90-ஐத் தாண்டியிருந்தது. பிட்யூட்டரி ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தது. விடை சொல்லத் தைராய்டிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. உடலின் பாதுகாப்புப் படையே சொந்தச் சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்கி அழிக்கும் இந்த நோயை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ விவரித்திருந்தார். பெண்களிடையே இது பல மடங்கு மிகுதி. பிள்ளைப்பேற்றை அடுத்த காலத்தில் இது தலைகாட்டுவதும் உண்டு.

மருந்து ஒரு சிறு வெள்ளை மாத்திரை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். ஆறு வாரங்களில் அக்காள் போர்வையைக் கேட்பதை நிறுத்தினாள். மூன்றாம் மாதத்தில் முற்றம் முழுதையும் ஒரே மூச்சில் கூட்டி முடித்தாள். குரல் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. பழைய உயரத்தை அது எட்டவில்லை. ஆயினும் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது.

அக்காலத்தில் ஒரு நாள் அவள் என்னிடம் சொன்னதை நான் மறக்க முடியாது. “தம்பி, ஏழு வருஷமா ஒவ்வொரு மாசமும் பாவசங்கீர்த்தனத்தில் சோம்பலைத்தான் முதல் பாவமாகச் சொல்லிக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு மாசமும் திருந்துவேன்னு பிரதிக்கினை பண்ணுவேன். மறுநாள் காலையில எழுந்திருக்க முடியாது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கைக்கூட மீறுறவள்னு நெனச்சு நெனச்சு உள்ளுக்குள்ளே செத்துப்போனேன்” என்றாள். ஊராரின் கேலியையும் மாமியாரின் ஏச்சையும் அவள் தாங்கிக்கொண்டாள். தன்னைத் தானே தீர்ப்பிட்டதைத்தான் தாங்க முடியாமல் தவித்திருக்கிறாள்.

எங்கள் பழைய பங்குத்தந்தை ஒருவர் அப்போது முதுமையில் ஓய்விலிருந்தார். அவரிடம் சென்று நடந்ததையெல்லாம் சொல்லி, “சாமி, அப்படியானால் நான் சொன்ன பாவசங்கீர்த்தனமெல்லாம் என்ன ஆகும்?” என்று அக்காள் கேட்டாளாம். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் கனமான பாவம் இல்லை என்று மறைக்கல்வியில் படித்ததை அவர் முதலில் நினைவூட்டினார். பிறகு, “மகளே, ஏழு வருடம் உன் உடம்பின் அடுப்பில் தீயே இல்லை என்று டாக்டர் சொல்லுகிறார். தீயில்லாத அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கே சமைத்துப் போட்டிருக்கிறாய். இதைச் சோம்பல் என்று யார் சொல்வது?” என்றாராம். அவள் அதைச் சொன்னபோது முகத்தில் தெரிந்த நிம்மதியை எந்த மாத்திரையும் தந்திருக்க முடியாது.

அக்காளுக்குக் கிடைத்த அந்தச் சிறு மாத்திரையின் பின்னால் நெடிய வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹெர் என்னும் அறுவை மருத்துவர், கழுத்தில் பெருங்கழலையுடன் வந்தவர்களின் தைராய்டை முற்றிலும் அகற்றிவந்தார். 1874-இல் அவரிடம் அறுவை செய்துகொண்ட 11 வயதுச் சிறுமி ஒருத்தி பின்னர் வளர்ச்சி நின்று, முகம் உப்பி, அறிவு மங்கிப்போனாள். செய்தி அறிந்த கோஹெர் தம் பழைய நோயாளிகளை அழைத்துப் பார்த்து, முழுச் சுரப்பியையும் இழந்தவர்களுள் பெரும்பாலோர் அவ்வாறே ஆனதைக் கண்டு, 1883-இல் அதை மறைக்காமல் வெளியிட்டார். தைராய்டு இல்லாமல் மனிதன் மனிதனாக வாழ முடியாது என்பது அதனால் உலகுக்குத் தெரிந்தது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், அக்காளுக்கிருந்த அதே நிலையில் இருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அந்தப் பெண் உயிர்ப்புடன் எழுந்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் தம் 74-ஆம் வயதில் இறந்தார். அந்த 28 ஆண்டுகளுக்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது என்று மரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பின்னர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலார் அந்தச் சாற்றுக்குள் இருக்கும் உண்மைப் பொருளைத் தேடினார். 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அன்று, அவரது ஆய்வுக்கூடத்தில் தைராக்சின் முதன்முறையாகப் படிகமாகத் தனித்து நின்றது. ஏறத்தாழ 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவர் திரட்ட முடிந்தது 33 கிராமே. 1927-இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்துகாட்டினர். அதனால்தான் இன்று ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அது எட்டும் விலையில் கிடைக்கிறது.

ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 4 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். அந்தத் தேக்கரண்டி கிடைக்காமல் போன ஊர்கள் உலகில் ஏராளம். நம் நாட்டில் இமயமலை அடிவாரம் முழுவதிலும் முன்கழுத்துக் கழலை பரவியிருந்தது. மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956-இல் தொடங்கிக் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பகுதி மக்களுக்குச் சாதாரண உப்பும், மற்றப் பகுதியினருக்கு அயோடின் கலந்த உப்பும் கிடைக்கச் செய்து ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். அயோடின் உப்பு உண்ட ஊர்களில் கழலை தெளிவாகக் குறைந்தது. அதையொட்டி 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 2006 முதல், அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கென விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கடல் நீரில் அயோடின் உண்டு; ஆனால் உப்பளப் பாத்தியில் விளையும் கல் உப்பில் தங்குவது மிகச் சொற்பம். தூத்துக்குடியில் மலைபோல் குவிந்திருக்கும் வெள்ளை உப்பிலும் தனியாக அயோடின் கலந்தால்தான் உண்டு. கல் உப்புதான் உடலுக்கு நல்லது என்னும் பழைய நம்பிக்கையால், அயோடின் உப்பின் பயன்பாட்டில் தமிழ்நாடு நெடுங்காலமாகவே பின்தங்கியிருக்கிறது. உப்பை விளைவித்து நாட்டுக்கே அனுப்பும் நாம் இதில் பின்தங்குவது தகுமா?

இதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. சில குழந்தைகள் தைராய்டு இன்றியோ, வேலை செய்யாத தைராய்டுடனோ பிறக்கின்றன. உலக அளவில் 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் அதைவிட மிகுதி என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்த சில நாள்களில் அந்தக் குழந்தையிடம் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. அழாமல் சமர்த்தாக உறங்குகிறது என்று வீட்டார் மகிழ்வார்கள். மூன்றாம் நாளளவில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து, படித்து, ஆளாகும். மாதங்கள் கடந்துவிட்டால் மூளைக்கு நேர்ந்த இழப்பை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டமாக இது இன்னும் அமையவில்லை. ஆகவே பிள்ளை பிறந்த வீட்டார் தாமே மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

மறைக்கல்வி வரிசைக்குத் திரும்புவோம். கோபமும் அதில் உண்டு. தைராய்டு அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் போகும், சிறு சொல்லுக்கும் சீற்றம் பொங்கும். 1835-இல் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்த நோயின் குணங்கள் இவை. போசனப்பிரியமும் அவ்வரிசையில் உண்டு. உடற்கொழுப்பு மூளைக்கு ‘போதும்’ என்று சொல்லி அனுப்பும் லெப்டின் என்னும் ஹார்மோனை 1994-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். அந்த ஹார்மோனே இல்லாமல் பிறந்த சிறுமி ஒருத்தி, ஓயாத பசியால் 9 வயதில் 94 கிலோ எடையுடன் இருந்தாள். கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ’ராஹிலி ஆகியோர் அவளுக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கிய சில நாள்களிலேயே அந்தப் பசி அடங்கியது, எடை குறைந்தது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் பெருந்தீனிக்காரி என்று நினைத்திருக்க மாட்டார்களா?

அப்படியானால் எல்லாம் ஹார்மோன்தானா, நமக்குப் பொறுப்பு ஒன்றுமில்லையா என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறு நான் சொல்லவில்லை. களைத்திருப்பவர் அனைவருக்கும் தைராய்டு நோய் இருப்பதில்லை. இரத்தத்தைச் சோதித்தே அறிய வேண்டும். மெலிய விரும்பித் தாமாகவே இம்மாத்திரையை விழுங்குவோர் இதயத்துக்குக் கேடு தேடிக்கொள்கிறார்கள். உண்மையான சோம்பலும் உலகில் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அதை இறை நன்மையைக் குறித்து மனத்தில் எழும் ஒருவகை வருத்தம் என்று விளக்கினார். அன்பு நம்மிடம் கேட்பது பாரமாகத் தோன்றி அதிலிருந்து மனம் விலகிக்கொள்வதே அது. கை கால்களின் தளர்ச்சியன்று. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், திண்ணையில் உறங்கிப்போன என் அக்காளிடம் அந்தப் பாவம் இல்லை. வீட்டில் ஒருத்தி ஏழு ஆண்டுகள் குளிரில் நடுங்குவதைக் கண்டும், ஏன் என்று கேட்கும் சிரமத்தை மேற்கொள்ளாத சுறுசுறுப்பான ஆரோக்கியசாலிகளிடம் அது இருந்ததா என்பதுதான் கேள்வி.

குழந்தைப் பேறில்லாத பெண்ணைப் பற்றி வாய் கூசாமல் பேசுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தைராக்சின் குறைந்தாலே சினைமுட்டை வெளிப்படுவது தடைப்படலாம். சிலரிடம் அதைச் சரிசெய்ததும் கரு தங்குவதுண்டு. குறை கணவனிடம் இருப்பதும் உண்டு. சாபம், செய்வினை என்னும் பேச்சுகளைவிட ஒரு குப்பி இரத்தம் அதிக உண்மை பேசும்.

ஒரு சொல்லின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். சுவிட்சர்லாந்திலும் அதை அடுத்த பிரெஞ்சு நாட்டுப் பகுதியிலும் ஆல்ப்ஸ் மலையின் உட்பள்ளத்தாக்குகளில் அயோடின் கிட்டத்தட்ட இல்லை. பனிப்பாறைகளும் மழையும் மண்ணிலிருந்து அதைக் கழுவிக் கொண்டுபோய்விட்டன. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குள்ளர்களாகவும், காது கேளாதோராகவும், பேச்சற்றோராகவும், அறிவு வளராதோராகவும் பிள்ளைகள் பிறந்தனர். தாயின் வயிற்றிலேயே தைராக்சின் கிடைக்காதவர்கள் அவர்கள். மருத்துவ நூல்கள் அவர்களைக் ‘கிரெட்டின்’ என்று குறித்தன. பின்னாளில் அது ஐரோப்பிய மொழிகளில் மூடன் என்னும் வசைச்சொல்லாயிற்று. 1922-இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கியது. நாளடைவில் அத்தகைய பிறப்புகள் மறைந்தன.

அந்தச் சொல் வசையாகப் பிறக்கவில்லை என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அந்த மலைவாசிகளின் பேச்சு வழக்கில் ‘கிறிஸ்தவர்’ என்னும் சொல்லே திரிந்து அவ்வாறு ஆயிற்று. விலங்கிலிருந்து பிரித்து மனிதரைச் சுட்டவும் அவர்கள் அச்சொல்லையே வழங்கினர். பேசவும் நடக்கவும் இயலாத அந்தப் பிள்ளையும் நம்மைப் போல் ஒரு மனிதர், நம்முடன் திருமுழுக்குப் பெற்றவர் என்பதே அதன் பொருள். அந்த ஏழை இடையர்களுக்கு அயோடினைத் தெரியாது, தைராக்சினைத் தெரியாது, ஹார்மோன் என்னும் சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. ஆயினும் காரணம் அறியாத நிலையில் ஒருவரை என்ன பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.